பெற்றோரைப் பார்க்கிற பிள்ளை, காசு அனுப்புகிற பிள்ளை: வீட்டில் யார் எதை முடிவெடுப்பது?

உரும்பிராய்மகள்

வணக்கம். கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. ஊரில் பெற்றோரோடு இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

எங்கள் நிலைமை இதுதான். அப்பாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து இடது பக்கம் வழங்காது. அம்மாவுக்கு சீனி வருத்தமும் பிரஷரும். வீடு எனக்குச் சீதனமாக எழுதியது. நான், கணவர், பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம். அண்ணா கனடாவில், தம்பி பிரான்சில். அண்ணா மாதம் தவறாமல் காசு அனுப்புவார். அப்பாவின் மருந்து, பம்பேர்ஸ், பகலில் உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம் எல்லாம் அதில்தான் போகிறது. அந்த விஷயத்தில் அவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

போன வருடம் வந்து நின்றபோது வீட்டுக்குக் கமரா பூட்டினார். வாசலில், விறாந்தையில், ஹோலில், அப்பாவின் அறையில், பிறகு குசினி வாசலைப் பார்த்தபடி இன்னொன்று. அங்கிருந்து கதைக்கவும் கூடிய கமரா. ஒரு நாள் விடிய ஆறு மணி இருக்கும். நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நிற்கிறேன், தலைக்கு மேலே இருந்து குரல் வருகிறது: "அப்பாவை இன்னும் திருப்பிப் படுக்க வைக்கேல்லையோ?" அம்மா சாமி அறையில் இருந்து கையில் திருநீற்றோடு ஓடி வந்து, "பெரியவன் வந்திட்டானோ?" என்று படலையைப் பார்க்கிறார். கணவர் இப்போது ஹோலில் இருந்து சாப்பிடுவதில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு பின் பத்திக்குப் போய்விடுவார். மகளுக்கு 14 வயது. அவள் தன் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கி ஒதுங்கித் திரிகிறாள்.

அண்ணாவிடம் சொன்னால், "காசு அனுப்புறவனுக்குப் பாக்கிறதுக்கு உரிமை இல்லையோ?" என்கிறார். அம்மாவிடம் சொன்னால், "அவன் பாவம், விடு." தம்பி இதில் வாய் திறப்பதில்லை. உறவு முறியாமல் இதை எப்படிச் சொல்வது?

சுண்ணாகத்தான்

கமராவைக் கழற்றி வையுங்கோ. காசு வேறு, வீட்டு மரியாதை வேறு. குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

ஸ்கார்பரோவடலி

தங்கச்சி, உங்கள் அண்ணாவின் இடத்தில் இருக்கிறவன் நான். கோபிக்காமல் கேளுங்கோ.

நான் ஊரை விட்டு வெளிக்கிட்டது 1992இல். சைக்கிள் கரியரில் வெங்காய மூட்டை கட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற மனிதராகத்தான் அப்பா இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறார். அவருடைய முதுமையை நான் தொலைபேசியில் கேட்டதோடு சரி. அவருக்கு மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைக்கூட, வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். "நீ அங்க தனிய இருந்து யோசிப்பாய் எண்டுதான் சொல்லேல்லை" என்றார் அம்மா. அதற்குப் பிறகு அவர் "எல்லாரும் சுகம்" என்று சொன்னாலே எனக்கு நெஞ்சு இடிக்கும். நான் வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குக் கதிரையில் இருக்கும்போது உங்களுக்கு விடிய ஐந்தரை. அந்த நேரம் கமராவில் அப்பாவின் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

இதை வைத்துக் குசினிக்குக் கமரா சரி என்று சொல்ல வரவில்லை. அது பிழை, அதைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் "கழற்று" என்று மட்டும் சொன்னால் உங்கள் அண்ணாவின் காதில் விழுவது "உனக்கு இந்த வீட்டில் இனி அலுவல் இல்லை" என்பதுதான். கமராவை எடுத்தால் அவருக்கு வேறு எதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கோ.

நல்லூர்நிழல்

உளவளத்துணையில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். வடலி அண்ணா எழுதியதன் கடைசி வரியை ஒருதரம் திரும்ப வாசியுங்கோ. மறைப்பதும் வேவு பார்ப்பதும் நம் குடும்பங்களில் சோடியாகத்தான் வருகின்றன. ஊரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு மறைக்கிறார், வெளியில் இருப்பவர் பயத்தில் தோண்டுகிறார். தோண்டத் தோண்டச் சொல்கிற விஷயமும் குறைந்துகொண்டே போகிறது.

சல்வடோர் மினூச்சின் என்று ஒரு குடும்ப சிகிச்சையாளர், ஆர்ஜென்ரீனாவில் பிறந்து அமெரிக்காவில் பிலடெல்பியாவில் வேலை செய்தவர். குடும்பங்கள் இரண்டு விதமாகச் சிக்கலுக்குள் போகும் என்பது அவர் கண்டது. ஒன்று, எது யாருடைய அலுவல் என்றில்லாமல் எல்லாரும் எல்லாவற்றிலும் கை வைப்பது. மற்றது, ஒருவருக்கு வந்த கஷ்டம் மற்றவருக்கு எட்டாதபடி விலகிப்போவது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் இரண்டும் ஒரே வீட்டில் நடக்கின்றன. அப்பாவின் படுக்கைப் புண் எந்த அளவில் இருக்கிறது என்று கனடாவில் இருப்பவருக்குத் தெரியாது, மருமகன் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பது தெரியும்.

தங்கச்சி, உங்கள் வீட்டில் மூன்று விஷயங்கள் ஒன்றாகப் பின்னிப் போய்க் கிடக்கின்றன. அப்பாவின் செலவு ஒன்று. அப்பாவின் வைத்தியத்தைப் பற்றிய முடிவு இன்னொன்று. உங்கள் குடும்பம் அந்த வீட்டில் வாழ்கிற வாழ்க்கை மூன்றாவது. முதல் இரண்டிலும் அண்ணாவுக்கு முழு இடம் கொடுங்கோ. மருந்துத் துண்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, கணக்குக் கொப்பி எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புங்கோ. அப்பா விழுந்தால் அன்றைக்கே சொல்லுங்கோ, அம்மா மறித்தாலும் சொல்லுங்கோ. மூன்றாவதில் அண்ணாவுக்கு இடமில்லை. சீதன உறுதி உங்கள் பெயரில் இருப்பது அதற்குக் காரணம் இல்லை, வாடகை வீடாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

கதைக்கும்போது அண்ணாவின் குணத்தை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கோ. "நீங்கள் எங்களை நம்புறேல்லை" என்று தொடங்கினால் அவர் தன்னை நியாயப்படுத்தத் தொடங்குவார், கதை அங்கேயே நின்றுவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கோ: "அண்ணா, அப்பான்ர அறைக் கமரா இருக்கட்டும். அவரைத் துடைச்சு உடுப்பு மாத்தேக்க மட்டும் நிப்பாட்டுவன். குசினியிலயும் ஹோலிலயும் பிள்ளையும் இவரும் புழங்குகினம், அது ரெண்டையும் கழட்டப்போறன். அதுக்குப் பதிலா ஒவ்வொரு நாளும் விடிய அப்பாவைக் காட்டி ஒரு வீடியோ அனுப்புவன்." கழற்றுவதற்கு முதலே இதைச் சொல்லவேண்டும். கழற்றிய பிறகு சொன்னால் அது வேறு சண்டை.

இன்னும் ஒன்று. அம்மாவைத் தூது விடாதீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் கதை காவிக் காவி அந்த மனுஷியின் பிரஷர்தான் ஏறும். அண்ணா அம்மாவிடம் குறை சொன்னால் அம்மா சொல்லவேண்டியது ஒரே வசனம்: "அதை நீ அவளிட்டயே கேள்."

வட்டுக்கோட்டைஐயா

எனக்கு இந்தப் பேச்சு மனதுக்கு ஒப்பவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து, வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த சித்திரை வைகாசியில் திரும்பி வரும்வரை ஒரு கூரைக்குக் கீழே எத்தனை குடும்பங்கள் இருந்தோம். யார் அறை, யார் குசினி என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. ஒருவர் சோற்றில் ஒருவர் கை வைத்துத்தான் உயிர் தப்பினோம். அப்படி வாழ்ந்த சனம் இன்றைக்குக் கூடப்பிறந்தவர்களுக்குள் கோடு கீறுகிறது. இந்த ஆராய்ச்சி எல்லாம் தனித்தனி அறையில் வளர்ந்த வெள்ளைக்காரருக்குப் பொருந்தும்.

கைதடிக்காரி

ஐயா, உங்களில் மரியாதை வைத்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் வந்து நின்ற பக்கத்து வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அப்போது நான் சின்னப் பிள்ளை, ஆனாலும் நினைவிருக்கிறது. முதல் கிழமை நீங்கள் சொல்வது போலத்தான் இருந்தது. இரண்டாம் கிழமை கிணற்றடியில் சண்டை வந்தது.

அம்மம்மா ஒரு நாள் பின்னேரம் எல்லாரையும் முற்றத்தில் கூப்பிட்டு இருத்தினார். விடிய நாலரையில் இருந்து ஆறு மணி வரை கிணறு பெண்களுக்கு, அந்த நேரம் ஒரு ஆம்பிளையும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கைக்குழந்தை வைத்திருக்கிறவைக்கு உள் அறை. உலை தனித்தனி, அரிசி தனித்தனி, ஆனால் பிள்ளைகளுக்குப் பால்மா மட்டும் பொது. வயசானவர்கள் விறாந்தையின் வடக்குப் பக்கம், அங்கே யாரும் சுருட்டுப் பத்தக்கூடாது. யாரோ ஒரு மாமா, "இதென்ன சட்டம் போடுறியள்?" என்று கேட்டார். அம்மம்மா சொன்னது: "ஆறு மாசம் எண்டாலும் மூஞ்சை குடுத்துக் கதைக்கவேணும், அதுக்குத்தான்." அன்றைக்கு வந்து இருந்த குடும்பங்கள் இன்றைக்கும் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வருகின்றன.

அந்த ஏற்பாடு இல்லாமல் இருந்திருந்தால் சனம் பகையோடு பிரிந்து போயிருக்கும். இது வெளிநாட்டில் இருந்து வந்த யோசனை இல்லை, ஐயா. எங்கள் கிழவிகளுக்குத் தெரிந்த விஷயம்தான். போரிலும் இடப்பெயர்விலும் பெரியவர்கள் செத்தும் சிதறியும் போனதில், முற்றத்தில் இருத்திக் கதைக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

நல்லூர்நிழல்

கைதடி அக்கா, உங்கள் கடைசி வரியைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இங்கே பல வருடம் மனநல மருத்துவராக வேலை செய்து எழுதியவற்றிலும் காணலாம். போர் தனி மனிதரை மட்டும் தாக்கவில்லை, குடும்பத்தையும் ஊரையும் கூட்டாகத் தாக்கியது என்பதை அவர் அழுத்திச் சொல்லி வருகிறார். ஆகவே சீராக்குவதும் கூட்டாகத்தான் நடக்கவேண்டும். ஆளை ஆள் "உனக்குத்தான் வருத்தம்" என்று சொல்வதால் ஒன்றும் வராது.

மானிப்பாய்மருமகன்

பின் பத்தியில் இருந்து சாப்பிடும் அந்த மனிதருக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவதால் கல்யாணம் முடித்தவுடன் பெரும்பாலும் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறான். படங்களில் காட்டுகிற மாமியார் மருமகள் சண்டை எங்கள் பக்கம் குறைவு. மருமகன் வாயே திறக்காமல் உள்ளுக்குள் புழுங்குவதுதான் இங்கே நடக்கிறது, அதைப் பற்றி யாரும் கதைப்பதுமில்லை. நானும் கல்யாணம் முடித்த நாளில் இருந்து மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன்.

மாமி எங்கள் அறைக்குள் கதவைத் தட்டாமல் வருவார். அலுமாரியைத் திறந்து உடுப்பு மடிப்பார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அது அவர் தன் கையால் கூட்டிப் பெருக்கின அறை. நான் சொல்லியிருந்தால் "வந்த மாப்பிள்ளை மாமியை அறைக்குள்ள விடுறானில்லை" என்று ஊர் முழுக்கக் கதை போயிருக்கும். மனைவிதான் ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "அம்மா, எங்கட அறை உடுப்பை இனி நான் மடிக்கிறன், நீங்கள் ஒருக்கால் கூப்பிட்டிட்டு வாங்கோ" என்றாள். மாமிக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை. மூன்றாம் நாள் கதவுக்கு வெளியே நின்று "பிள்ளை" என்று கூப்பிட்டார். எங்கள் இருவருக்கும் இருக்கிற ஒழுங்கு அதுதான்: அவள் வீட்டு ஆட்களிடம் அவள் கதைப்பாள், என் வீட்டு ஆட்களிடம் நான். தங்கச்சி, அண்ணாவிடம் நீங்களே கதைப்பது மிகச் சரி. உங்கள் கணவரைக் கதைக்க விடாதீர்கள், அவர் ஒரு சொல் சொன்னால் அது வருடக்கணக்கில் நிற்கும்.

நல்லூர்நிழல்

மாமியின் அந்த இரண்டு நாள் முகத்தைப் பொறுத்துக்கொண்டீர்களே, பலர் தடுமாறுவது அந்த இடத்தில்தான். எதிரே இருப்பவரின் முகம் மாறினவுடன் சொன்னதைத் திரும்ப வாங்கிவிடுகிறோம்.

தம்பதிகளைப் பல வருடம் ஆய்வுகூடத்தில் அவதானித்த ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் முடிவு ஒன்று இதற்குப் பொருந்தும். தம்பதிகளுக்குள் வரும் பிணக்குகளில் 69 வீதம் தீர்ந்து போவதே இல்லை, அதை வைத்துக்கொண்டு எப்படி மரியாதையாகக் கதைக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது என்கிறார். கோபத்தில் நாடித்துடிப்பு 100ஐத் தாண்டினால் காதில் ஒன்றும் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகி இருந்துவிட்டுத் திரும்ப வாருங்கள் என்பதும் அவர் சொன்னதுதான். தொலைபேசியை அடித்து வைப்பது விலகுவது ஆகாது. "அண்ணா, எனக்குக் கோபம் வருது, அரை மணித்தியாலத்தில நானே எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைக்கவேண்டும், சொன்ன நேரத்துக்கு எடுக்கவும் வேண்டும்.

உரும்பிராய்மகள்

எல்லாருக்கும் நன்றி. வடலி அண்ணா எழுதியதை அண்ணாவுக்கு அனுப்பினேன். சனிக்கிழமை நம் நேரம் இரவு ஏழரைக்கு மூன்று பேரும் கதைப்பதாக முடிவு. கனடாவில் காலை பத்து, பிரான்சில் பின்னேரம் நாலு, யாருக்கும் நித்திரை கெடாது. கமராவில் கதைக்கிறதை அண்ணா இப்போதே நிப்பாட்டிவிட்டார். ஹோல் கமராவைக் கழற்ற விட அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. சனிக்கிழமை அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன்.

கொக்குவில்வாசி

நான் வேறு ஒரு கேள்வி கேட்கவேண்டும். கதைத்துத் தீர்க்கலாம், பொறுக்கலாம் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் மகன் குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கிறான், பென்ஷன் காசைப் பறிக்கிறான். சொந்தக்காரர் வந்து "தாயும் பிள்ளையும், நாளைக்குச் சரியாகும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதற்கும் முற்றத்தில் இருத்திக் கதைப்பதுதானா?

சட்டத்தரணிஒருத்தி

இல்லை. அடி விழுகிற வீட்டில் அடிப்பவனையும் அடி வாங்குபவரையும் ஒரே பாயில் இருத்திச் சமாதானம் பேசக்கூடாது. பயத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதல்ல. பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்கள் எல்லாரும் அதற்குள் வருவார்கள். அந்தத் தாய் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை தரலாம், பிறகு 12 மாதம் வரை தரலாம். அவருக்குப் போக ஏலாவிட்டால் அவர் சார்பில் பொலிஸ் போகலாம். பொலிஸ் நிலையத்தில் பெண்கள் சிறுவர் பிரிவு இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929. மகனுக்குக் குடிதான் பிரச்சினை என்றால் அதற்கு வைத்தியம் வேறாகச் செய்யலாம், ஆனால் தாயின் பாதுகாப்பு முதலில். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒருக்கால் கதையுங்கோ. நீங்கள் கூடப் போவதே அவருக்குப் பெரிய பலம்.

பருத்தித்துறைபிள்ளை

சட்டத்தரணி அக்கா, இதையும் பார்த்துச் சொல்லுங்கோ. அப்பா இல்லை. அம்மாவின் சீதனக் காணியும் வீடும் அம்மாவின் பெயரிலேயே இருக்கின்றன. அதைத் தன்னைப் பார்க்கிற தங்கச்சிக்கு எழுதவேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். வெளிநாட்டில் அண்ணாமார் இருவர். "அவைக்குச் சொன்னால் சண்டை வரும், எழுதிப்போட்டுச் சொல்லுவம்" என்கிறார் அம்மா. எனக்கு அது சரியாகப் படவில்லை.

சட்டத்தரணிஒருத்தி

உங்களுக்குப் பட்டதுதான் சரி. தன் ஆதனத்தை அம்மா யாருக்கு எழுதவும் அண்ணாமாரின் கையெழுத்துத் தேவையில்லை. ஆனால் ஒளித்து எழுதிய உறுதி குடும்பத்தைப் பிரித்த கதைகளை நான் கந்தோரில் இருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். காணி கிடைக்கவில்லை என்பதைவிட, தங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் அவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறது.

எழுதும்போது நன்கொடை உறுதியில் அம்மாவுக்குச் சீவிய உரித்து வைக்கச் சொல்லுங்கோ. உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் தேங்காய் மாங்காய் அனுபவிக்கவும் அவருக்கு உரிமை இருக்கும். தங்கச்சி நல்லவள் என்பதற்காக அதை விடவேண்டாம். மீளப்பெற முடியாத நன்கொடையாக எழுதிவிட்டால், திரும்ப எடுப்பதற்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு மோசமான நன்றியீனத்தை நிரூபிக்கவேண்டும். 2017இல் வந்த சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தங்கச்சி கல்யாணம் முடித்தவர் என்றால், யாழ்ப்பாணத் தமிழருக்கு உரிய வழமைச் சட்டமான தேசவழமைப்படி பின்னாளில் அவர் அதை விற்கக் கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். அதையும் அவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கோ.

அண்ணாமார் மறுத்து முரண்பாடு வந்தால் நேரே வழக்குக்குப் போகாமல் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடப்பது. எங்களைப் போல சட்டத்தரணிகள் அங்கே வந்து வாதாட முடியாது, குடும்பத்து ஆட்களே கதைக்கவேண்டும். மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரு பக்கமும் இணங்கினால்தான் தீர்வு. அங்கே சொன்னதைப் பிறகு நீதிமன்றத்தில் சாட்சியாக எடுக்கவும் ஏலாது, அதனால் மனதில் உள்ளதைத் திறந்து சொல்லலாம். ஆனால் ஆட்கள் நேரில் வரவேண்டும். அண்ணாமார் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற ஆட்கள் என்றால் உறுதியை அதுவரைக்கும் தள்ளிப் போடுங்கோ. அம்மா தன் வாயால் தன் காரணத்தை அவர்களுக்குச் சொல்லட்டும்.

பருத்தித்துறைபிள்ளை

பெரியண்ணா ஆடிக் கடைசியில் வருகிறார். அம்மாவிடம் இன்றைக்கே கதைக்கிறேன். சீவிய உரித்தை முழுக் காணிக்கும் வைப்பதா, வீட்டுக்கு மட்டுமா?

சட்டத்தரணிஒருத்தி

இரண்டும் செய்யலாம். காணி பெரிதென்றால், நில அளவையாளரைக் கொண்டு வீடும் கிணறும் பாதையும் உள்ள துண்டைத் தனியாகப் பிரித்து வரைபடம் எடுத்து, அதில் மட்டும் சீவிய உரித்து வைப்பது வசதி. மிச்சத்தைத் தங்கச்சி தோட்டம் செய்யவோ வீடு கட்டவோ தடையிருக்காது. கிணறு எந்தத் துண்டில் விழுகிறது என்பதையும் மற்றத் துண்டுக்குத் தண்ணீர் எடுக்கும் உரிமையையும் உறுதியிலேயே எழுதுவியுங்கோ. தாய் உறுதியின், அதாவது காணியின் பழைய மூல உறுதியின், பிரதியோடு நொத்தாரிசிடம் போங்கோ. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டாம், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கோ.